சாரல் காலத்துப் புகை: தென்காசி வீடுகளில் அடுப்பும் கூரையும்

ஆனி பிறந்து சாரல் கட்டியதும் தென்காசி வட்டாரத்தில் மேற்குப் பார்த்த சன்னல்களைச் சாத்திவிடுவார்கள். மலைக்கு அப்பால் கேரளத்தில் கொட்டித் தீர்த்த தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே இப்பக்கம் புகுந்து, குற்றாலத்தில் தூறலாகவும் கிழக்கே போகப்போக வெறுங்காற்றாகவும் வீசும். தமிழ்நாட்டின் காற்றாலைகளுக்குக் காற்றைத் தரும் கணவாய்களில் இதுவும் ஒன்று. அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு இது சுகமான பருவம். விறகடுப்பின் முன் உட்கார்ந்தவர்களுக்கோ ஆண்டிலேயே கடினமான மாதங்கள் இவைதாம். விறகு நமுத்திருக்கும், கதவுகள் அடைத்திருக்கும், மேலேறும் புகையைக் காற்று கீழே தள்ளும்.

இந்தப் புகை எந்த வழியாக வெளியேறியது? அடுப்பை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. அண்ணாந்து கூரையைப் பார்க்க வேண்டும்.

குளிர்காய்வதற்கென்று வீட்டுக்குள் நெருப்பு வைப்பது தமிழருக்குப் புதிதன்று. நக்கீரரின் நெடுநல்வாடை, வாடைக்காலத்தில் நகர மாந்தர் தென்றலுக்கான சாளரங்களைத் தாழிட்டு, அகன்ற வாயுள்ள ‘தடவு’ என்னும் கணப்புச் சட்டியின் சூட்டை நாடியதைச் சொல்கிறது. அந்த நெருப்புக்குப் புகைபோக்கி கிடையாது. சுவரோடு சேர்த்துக் கட்டிய கணப்பும் அதன் மேல் நீண்ட புகைக்கூண்டும் தமிழகத்துக்கு வந்தது ஆங்கிலேயரோடு, அதுவும் மலைமேல். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில், 1820-களில் ஆட்சியர் ஜான் சல்லிவன் காலத்தில் தொடங்கிய பங்களா வாழ்க்கைக்குக் கணப்பில்லாமல் முடியவில்லை. குற்றாலத்தின் உயரமோ 200 மீட்டரைக்கூடத் தொடாது. சாரலில் உடம்பு சிலிர்க்கும்; குளிர் எலும்பைத் தொடாது. ஆகவே இங்கே புகைபோக்கியின் கதை முழுக்க முழுக்க அடுக்களையின் கதை.

பனையோலை வேய்ந்த வீட்டில் புகைக்குத் தனி வழி வைப்பதில்லை. கூரை முழுவதுமே அதற்கு வழி. அடுப்பிலிருந்து எழும் புகை முகட்டுக்குப் போய்த் தங்கி, ஓலை இடுக்குகளிலும் எரவாணத்துக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள திறப்பிலும் மெல்லக் கசிந்து வெளியேறும். வெளியேறும் முன் அது செய்துவிட்டுப் போகும் வேலைகள் உண்டு. கைமரத்திலும் வரிச்சிலும் கரி படியப் படியப் பூச்சி அண்டாது. ஓலை சீக்கிரம் மக்காது. அடுத்த பட்டத்துக்கான விதை, குடுவையிலோ கதிராகவோ அடுப்புக்கு மேலே தொங்கியதற்கும் இதுவே காரணம். சாரல் மாதங்களுக்கான விறகும் அங்கே பரணில்தான் காய்ந்தது. வீட்டைக் காத்த அதே புகை சமைத்தவளின் கண்ணையும் நெஞ்சையும் அரித்தது. குறுந்தொகையின் 167-ஆம் பாடலில் கூடலூர் கிழார் காட்டும் புதுமனைவியின் கண்களில் தாளிப்புப் புகை படிகிறது. அக்காட்சியைக் காதலின் அழகாக மட்டுமே வாசித்துப் பழகிவிட்டோம். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய ஓர் அடுக்களையின் காற்றோட்டத்தைப் பற்றிய சாட்சியமாகவும் அதை வாசிக்கலாம், வாசிக்க வேண்டும்.

அடுப்பின் வடிவத்திலும் அறிவு இல்லாமல் இல்லை. கொடியடுப்பில் பெரிய வாயில் உலை கொதிக்கும்போதே மிச்ச அனல் உள்துளை வழியே பக்கத்து வாய்க்குப் போய்க் குழம்பைச் சுடவைக்கும். வீணாகும் வெப்பத்தை மடக்கிப் பிடிக்கும் இந்த உத்திதான் பின்னாளைய புகையில்லா அடுப்புகளுக்கும் அடிப்படை.

அடுத்தது ஓடு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் நாட்டு ஓட்டில் இடுக்குகள் ஏராளம். புகை அதிலும் கசிந்தது. பாசல் மிஷன் என்னும் கிறித்தவ அமைப்பு 1865-இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய சீமை ஓடு ஒன்றோடொன்று கச்சிதமாகக் கவ்விக்கொள்ளும். மழை ஒழுகாது, புகையும் அவ்வளவாகக் கசியாது. அந்த ஓடு இப்பக்கம் வர வழியும் இருந்தது: 1904-இல் செங்கோட்டையும் ஓட்டுத் தொழிலுக்குப் பேர்போன கொல்லமும் ரயில் பாதையால் இணைந்தன. ஆட்சியிலும் இது கேரளப் பக்கமே சேர்ந்திருந்தது; 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடும், பின்னர் திருவிதாங்கூர்–கொச்சியோடும் இருந்த ஊர். கேரளத் தச்சு மரபில் கூரையின் முக்கோண முகப்பில் மரச்சட்டப் பின்னல் வைப்பார்கள்; சூடான காற்றும் புகையும் அதன் வழியே போய்விடும். ஓட்டுக்கூரைக்கு ஏற்ற புகைவழி அது. அந்த மரபு கணவாய்க்கு அப்பாலேயே கைக்கெட்டும் தொலைவில் இருந்தது.

புகையைக் குழாய் வைத்து வெளியேற்றும் எண்ணம் இந்தியக் கிராமங்களுக்கு வந்ததில் தமிழருக்கும் பங்குண்டு. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா வழிநடத்திய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம், வார்தாவின் மகன்வாடியில் ‘மகன் சூலா’ என்ற மண் அடுப்பை உருவாக்கியது. ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தின் எஸ்.பி. ராஜு, பல பாத்திரங்கள் வைக்கும் ‘ட’ வடிவ அடுப்பை வகுத்தார். கோடிக்கணக்கான ஏழை வீடுகளுக்குப் புகையற்ற சமையலறை வேண்டும் என்று அவர் எழுதிய நூல் 1953-இல் சென்னையில் அச்சானது.

இவ்வடுப்புகளின் தத்துவம் எளியது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1,165 கிராம். 150 டிகிரிக்குச் சூடேறினால் அது 835 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். குழாய்க்குள் இருப்பது இலேசாகி மேலெழும்போது அடுப்பு வாயில் புதுக்காற்று இழுபடும். குழாய் உயரமாக இருந்தால் இழுப்பு கூடும்; கரி அடைத்தால் குறையும். 1796-இல் ரம்ஃபோர்டு பிரபு இங்கிலாந்தின் கணப்புகளில் புகைவழியின் கழுத்தைக் குறுக்கிச் செய்த சீர்திருத்தமும் இந்த இழுப்பை ஒழுங்குபடுத்தத்தான்.

நடுவண் அரசு 1980-களின் நடுவில் தொடங்கி 2002 வரை நடத்திய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் நாடு முழுவதும் சுமார் மூன்றரைக் கோடி அடுப்புகள் போடப்பட்டன. ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுக் குழாயும் உச்சியில் ஒரு தொப்பியும் அதன் அடையாளம். பல வீடுகளில் அது நிலைக்கவில்லை. குழாயில் அடைந்த கரியை அடிக்கடி தட்டி எடுக்க வேண்டும். ஓலைக்கூரையைத் துளைத்துக் குழாய் விட்டால் மழை ஒழுகும், தீப்பொறிப் பயமும் உண்டு. கணவாய்க் காற்றடிக்கும் ஊரில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்ளும். முகட்டுக்கு மேலே இரண்டடியாவது உயராத குழாயில், கூரையில் மோதிச் சுழலும் காற்று புகையை வந்த வழியே திருப்பிவிடும். தொலைவில் எங்கோ வரைந்த ஒரே படத்தை எல்லா ஊருக்கும் அனுப்பினால் சாரல்காற்று அதற்குப் பணியாது.

அதற்குள் கூரையும் மாறிவிட்டது. 2010-இல் தமிழக அரசு 21 இலட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கத் திட்டமிட்டது. மறு ஆண்டு 300 சதுர அடிப் பசுமை வீடுகள் வந்தன. மழைக்கும் தீக்கும் அஞ்சாத வீடு ஏழைக்குப் பெரும் பேறு, அதில் ஐயமில்லை. ஆனால் கான்கிரீட் தளத்தில் கசிவே கிடையாது. ஓலையில் போன புகைக்கும் ஓட்டில் போன புகைக்கும் இங்கே சன்னலை விட்டால் வழியில்லை. பழைய விறகடுப்பைத் தூக்கிப் புதிய அடுக்களைக்குள் வைத்த வீடுகளும், அதைப் புறவாசலுக்குத் தள்ளிவிட்டு மழையில் நனைந்துகொண்டே சமைத்த வீடுகளும் எத்தனையோ.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் குழு தமிழகக் கிராம அடுக்களைகளில் நடத்திய அளவீடுகள், எரிபொருளோடு அடுக்களையின் அமைப்பும் புகையின் அளவைத் தீர்மானிக்கிறது என்று காட்டின. அக்குழுவும் பங்கேற்ற நான்கு நாட்டு ஆய்வொன்றில் 3,200 கர்ப்பிணிகள் சேர்க்கப்பட்டனர். எரிவாயு அடுப்பு பெற்றவர்கள் சுவாசித்த நுண்துகள் வெகுவாகக் குறைந்தது. குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. 2022-இல் வெளியான இம்முடிவு பலருக்கு ஏமாற்றம்தான். ஆனால் சமைப்பவள் குறைவான புகையைச் சுவாசிப்பது தன்னளவிலேயே வேண்டிய ஒன்று. அதை நியாயப்படுத்தக் குழந்தையின் எடையைக் காட்டத் தேவையில்லை.

2007-இல் மாநில அரசின் இலவச எரிவாயு அடுப்பும் 2016-இல் நடுவண் அரசின் உஜ்வலா எரிவாயு இணைப்புத் திட்டமும் வந்தபின் கரிபடிந்த கைமரங்கள் அரிதாகிவிட்டன. ஆனாலும் சிலிண்டர் விலை ஏறும்போது குளிக்க வெந்நீர் வைப்பதும், நெல் அவிப்பதும் மறுபடி விறகுக்குப் போகின்றன. இன்று ‘சிம்னி’ என்று கேட்டால் கடைக்காரர் காட்டுவது, அடுப்புக்கு மேல் மாட்டும் மின் உறிஞ்சியை. வெளியே குழாய் விடாத வகை, எண்ணெய்ப்பசையை வலை வடிகட்டியிலும் வாடையைக் கரி வடிகட்டியிலும் பிடித்துக்கொண்டு காற்றை அடுக்களைக்கே திருப்பித் தரும். சூடும் ஈரமும் உள்ளேயே தங்கும். குழாய் விடும் வகைக்குச் சுவரில் துளை வேண்டும். தென்காசியில் அந்தத் துளையை மேற்குச் சுவரில் போட்டால், ஆனி ஆடியில் குழாயின் வாயில் காற்று எதிர்த்து நிற்கும். கிழக்கிலோ வடக்கிலோ போட்டால் எண்ணெய்ப்புகை வெளியே போகும்.