பூவரசம் பூவும் வைத்தியர் குளிகையும்

மருத்துவத்தின் உறுப்புகளை நான்கென வகுத்த வள்ளுவர், நோயாளன், மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு அமையாது, நோயாளனின் அருகிருந்து பணிபுரிபவனையும் நான்காவதாக எண்ணினார். மருந்து இருந்தும் அதனை மக்கள் நம்பி உட்கொள்ளச் செய்வார் இல்லையேல் பயனில்லை. இவ்வுண்மைக்கு 1934-35ஆம் ஆண்டுகளிற் கேகாலை மாவட்டம் கண்ட மலேரியாக் கொள்ளைநோய் தக்கதோர் சான்றாகும்.

இறப்பர், தேயிலைத் தோட்டங்களும் சிங்களக் கிராமங்களும் அடுத்தடுத்து அமைந்த தெஹியோவிட்ட, களனிப் பள்ளத்தாக்கைச் சார்ந்த ஊராகும். மழை மிகுந்த இப்பகுதியில் விரைந்தோடும் ஆறுகள் நுளம்பின் முட்டைகளைத் தங்கவிடுவதில்லை. 1934இல் மழை பொய்த்தது. களனி கங்கையும் மகா ஓயாவும் வற்றிக் குட்டைகளாயின. அவற்றில் மலேரியா நுளம்பு பெருகியது. இந்நோயுடன் முன்பு பழகாத மக்களிடம் எதிர்ப்பாற்றல் இருக்கவில்லை. பொருளாதார மந்தமோ அவர்தம் உடலை முன்னரே நலிவித்திருந்தது. இலங்கை முழுவதும் ஏறத்தாழ 15 இலட்சம் மக்கள் நோயுற்றனர். ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கேகாலையும் குருநாகலும் பேரழிவைக் கண்டன.

இத்துயருக்கு உதவ முன்வந்தோருள் சூரியமல் இயக்கத்தினர் குறிப்பிடத்தக்கவர். சிங்களவர் சூரிய என வழங்கும் மலர் நம் பூவரசம் பூவேயாகும். முதலாம் உலகப்போரின் நினைவாக ஆண்டுதோறும் நவம்பர் 11ஆம் நாள் பொப்பி மலர் விற்று, அப்பணத்தின் பெரும்பகுதியைப் பிரித்தானியப் படைவீரர்க்கு அனுப்புவது அக்கால வழக்கம். பாடசாலை மாணவரும் அதனை வாங்கினர். 1933இல் டொரீன் யங் என்னும் ஆங்கில மாது, மலர்களின் போர் என்னும் பொருள்பட்ட தலைப்பில் சிலோன் டெய்லி நியூஸ் பத்திரிகையில் எழுதிய கட்டுரை இவ்வழக்கத்தைச் சாடியது. அவ்வாண்டு புத்துயிர் பெற்ற சூரியமல் விற்பனையிற் சேர்ந்த பணம் உள்நாட்டு ஏழையர்க்கென ஒதுக்கப்பட்டது. ஒரு வணிக உத்தி, பத்திரிகையின் துணையால் மக்கள் நலன் கோரும் குரலாயிற்று. கொள்ளைநோய் வந்தபோது அக்குரலுக்குரியோர் கிராமங்களை நோக்கி நடந்தனர்.

பத்திரிகை நகரத்துக் கற்றோரையே எட்டியது. காய்ச்சலிற் கிடந்த குடிசைவாசிக்கு அது எட்டவில்லை. அங்கே வேறொரு மொழி வேண்டியிருந்தது. டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க முதலானோர் கொயினாவை வழங்கியபோது, நோயாளர் பசியாலும் வாடுவதைக் கண்டனர். கொயினா காய்ச்சலைத் தணிக்குமேயன்றி இழந்த வலுவைத் தராது. எனவே டாக்டர் மேரி இரத்தினம் அம்மையார் மார்மைட் என்னும் ஈஸ்ட் சாற்றை நாடினார். இது இங்கிலாந்தில் விற்பனைக்கென ஆக்கப்பட்ட உணவு. பம்பாய் ஆலைத் தொழிலாளப் பெண்டிரின் கர்ப்பகால இரத்தச் சோகையை இது போக்குவதை டாக்டர் லூசி வில்ஸ் 1931இல் வெளியிட்டிருந்தார். கரிய நிறமும் உவர்ப்புச் சுவையும் கொண்ட அப்பொருளைக் கிராமத்தார் எளிதில் ஏற்பரோ? தொண்டர் அதனை வெதராளை எனப்படும் நாட்டு வைத்தியரின் குளிகைபோல் உருட்டிக் கொடுத்தனர். மக்கள் உண்டனர்.

புட்டியின் பெயரும் விளம்பரமும் செய்யாததைப் பழகிய குளிகையின் வடிவம் செய்தது. எனினும் ஈண்டு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. மக்கள் அறியாதபடி ஒரு பொருளை வேறொன்றின் தோற்றத்திற் கொடுப்பது முறையாகுமா? அன்றைய இடுக்கண் அதனைப் பொறுக்கச் செய்யலாம்; நிலையான நெறியாக்குதல் தகாது. நம்பிக்கையைப் பயன்படுத்துவோர் அதற்குத் தகுதியுடையோராதல் வேண்டும். அத்தொண்டர்கள் மருந்தோடு பருப்பும் கொண்டுவந்தனர். என். எம். பெரேராவை மக்கள் பருப்பு மாத்தயா என அன்புடன் அழைத்தனர். 1936ஆம் ஆண்டு அரசுச் சபைத் தேர்தலில் ருவன்வெல்லைத் தொகுதி அவரைத் தேர்ந்தது.

1946 முதல் வீடுதோறும் தெளிக்கப்பட்ட டி.டி.டி. மருந்தால் மலேரியா அருகி, 1963இல் 17 பேரையே பற்றியது. விழிப்புக் குன்றியபோது 1968-69இல் மீண்டும் பெருகியது. 2016 செப்டெம்பரிலேயே இலங்கை மலேரியா நீங்கிய நாடென உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. நோய் மறைந்தபின்பும் செய்தி ஓய்தலாகாது என்பது இதனாற் பெறப்படும்.

பத்திரிகை பரிவை எழுப்பிற்று. மலர் விற்பனை பொருள் திரட்டிற்று. ஆயினும் குடிசைவாயிலில் நின்று நம்பிக்கையைப் பெற்றவை நடந்து சென்ற கால்களே. வள்ளுவர் எண்ணிய நான்காம் உறுப்பும் அதுவேயன்றோ?