கல்லில் ஒரு பெயர், ஏட்டில் வேறு பெயர்

சியாட்டில் நகரின் ஷில்ஷோல் படகுத்துறையில் வெண்கலமாய் நிற்கிறார் லீஃப் எரிக்சன். கொலம்பசுக்கு ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கடலோடி வட அமெரிக்கக் கரையைத் தொட்டதாக ஐஸ்லாந்தின் பழங்கதைகள் சொல்கின்றன. சிலையை வடித்த ஆகஸ்ட் வெர்னர், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தது சிற்பமல்ல, இசை! திறப்பு விழா 1962 ஜூன் 17. சியாட்டிலில் உலகக் கண்காட்சி நடந்த ஆண்டு.

நான் போனது சிலைக்காக அல்ல. 2007-இல் அதைப் புது மேடைக்கு மாற்றியபோது சுற்றிலும் கற்கள் நட்டு, ஸ்காண்டிநேவியக் குடியேறிகளின் பெயர்களைப் பதித்தார்கள். அவர்களில் ஒருவர் நார்வேயின் எந்தத் துறைமுகத்தில் கப்பலேறினார் என்று கண்டுபிடிக்க வேண்டும். எளிது என்றுதான் நினைத்தேன். நாட்டைவிட்டுப் போகிறவர்களை அங்கே காவல்துறையே ஏட்டில் பதிந்து வைத்தது. அந்த ஏடுகள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. கல்லில் இருந்த பெயரைத் தட்டினேன். ஆள் இல்லை. எழுத்தை மாற்றி மாற்றி இரண்டு வாரம் தட்டினேன். அப்போதும் இல்லை.

முடிச்சு சிலையின் பெயரிலேயே இருந்தது. எரிக்சன் என்பது குடும்பப் பெயர் அல்ல, எரிக்கின் மகன் என்று பொருள். லீஃபின் மகன் லீஃப்சன் ஆவான். நம் இனிஷியல் மாதிரி, தலைமுறைக்குத் தலைமுறை மாறும். (பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்டு விழித்த தமிழனுக்கு இது முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும்.) பரம்பரைக் குடும்பப் பெயரை நார்வே சட்டமாக்கியதே 1923-இல்தான். அதுவரை கிராமத்து ஆளுக்குச் சொந்தப் பெயரோடு தகப்பன் பெயரும் குடியிருந்த பண்ணையின் பெயரும் சேரும். பண்ணை மாறினால் அந்தப் பெயரும் மாறும். அமெரிக்கா போனவர்கள் இவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டார்கள், சிலர் அதையும் அங்குள்ளவர் வாய்க்கு ஏற்றபடி சுருக்கிக்கொண்டார்கள்.

என் ஆள் வைத்துக்கொண்டது பண்ணைப் பெயர். அவருடைய குடியுரிமை மனுவில் பிறந்த ஊரும் தேதியும் இருந்தன. அந்த ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நான ஏட்டில் அதே தேதியில் ஒரே ஒரு ஆண் குழந்தை. தகப்பன் பெயர் கிடைத்துவிட்டது. அதைப் போட்டுத் தேடினேன், பத்தே நிமிடம். ட்ரொண்ட்ஹெய்ம் துறைமுகம், வயது 19.

ட்ரொண்ட்ஹெய்மின் ஆயிரமாவது ஆண்டுக்கு, 1997-இல், சியாட்டில்காரர்கள் ஒரு பரிசு அனுப்பினார்கள். அவர் கப்பலேறிய துறைமுகத்தில் இன்று நிற்பது ஷில்ஷோல் சிலையின் நகல்.