பேரங்காடிக்கு முன்பு அங்கே யார் இருந்தார்கள்?



'பேரங்காடிக்கும் வரலாறு உண்டா?' என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி. ரெம்பாவ் தோட்டப்புறத்தில் வளர்ந்த எங்களுக்கு அங்காடி என்றால் தோட்டத்து மளிகைக்கடைதான். மாதம் முழுவதும் கடன் புத்தகத்தில் எழுதுவார்கள். சம்பள நாளில் அடைப்போம். அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் பலர் பிறகு கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வேலை தேடிப் போனார்கள். அங்கே அவர்கள் குளிர்சாதனக் காற்றில் நடந்து திரிந்த ஒரு பேரங்காடியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதன் பெயர் சுபாங் பரேட்.

அதன் கதையை 1988இல் கதவு திறந்த நாளிலிருந்து சொல்வது வழக்கம். நான் அந்த மண்ணிலிருந்து தொடங்குகிறேன். சுபாங் ஜெயா என்ற நகரமே ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டம். முதலில் ரப்பர், பிறகு செம்பனை. 1976இல் அங்கே நகர் அமைக்கும் வேலை தொடங்கியது. பன்னிரண்டே ஆண்டுகளில், பால்வாளி தூக்கி நடந்த நிலத்தில் பேரங்காடி எழுந்தது.

பேரங்காடியில் வாடகைக்கு இருப்பவர்கள் எல்லாரும் ஒரே தரத்தினர் அல்லர். கூட்டத்தை இழுத்துவரும் பெரிய கடைக்குச் சதுர அடிக்கு வாடகை குறைவு. அந்தக் கூட்டத்தை நம்பி நடுவில் இருக்கும் சின்னக் கடைக்கோ வாடகை அதிகம். ஒப்பந்தம் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குத்தான். பெரிய கடை தடுமாறினால் சின்னக் கடைகளும் சேர்ந்து தடுமாறும். தலைநகரின் புத்ரா சாலையில் 1987இல் திறந்த 'தி மால்' பேரங்காடி ஜப்பானின் யாவோஹான் கடையை நம்பி நின்றது. 1997இல் யாவோஹான் நிறுவனம் ஜப்பானில் திவாலானது. அந்தக் கட்டடம் பிறகு கைமாறி, பெயர் மாறி, 2015இல் சன்வே புத்ரா மால் என்று மறுபடி திறந்தது.

சுபாங் பரேட்டில் நீண்ட காலம் பெரிய கடையாக இருந்தது பார்க்சன். 1994இல் பக்கத்திலேயே பிரான்ஸ் நாட்டுக் கேரிஃபோர் வந்தது. அதுதான் அந்த நிறுவனம் மலேசியாவில் திறந்த முதல் கடை. 2012இல் ஏயோன் நிறுவனம் கேரிஃபோரை வாங்கியது. பெயர்ப்பலகை ஏயோன் பிக் என்று மாறியது. இதற்கிடையில் 1997இல் சன்வே பிரமிட், 2010இல் அண்டையிலேயே எம்பயர் என்று போட்டிக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது. கட்டடத்தின் சொந்தக்காரரும் மாறினார். 2006இல் பங்குச் சந்தைக்கு வந்த ஹெக்டார் என்ற சொத்து முதலீட்டு அறக்கட்டளையின் கைக்கு சுபாங் பரேட் போனது.

நேயர்களே, இத்தனை மாற்றத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். வந்தவர், போனவர் எல்லார் கையிலும் ஒப்பந்தத் தாள் இருந்தது. எந்தத் தேதி வரை இருக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும்.

கடைகளைச் சொந்தமாக வாங்கியிருந்தவர்களின் நிலை இன்னும் மேல். 1973இல் திறந்த அம்பாங் பார்க்தான் நாட்டின் முதல் பேரங்காடி. ரயில் நிலையம் கட்ட அந்த நிலம் எடுக்கப்பட்டபோது கடை உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். கூட்டரசு நீதிமன்றம் வரை போனார்கள். தோற்றார்கள் என்பது உண்மை. 2017 டிசம்பர் 31ஆம் தேதி கதவு மூடியது. ஆனாலும் கையில் பட்டா இருந்ததால் நீதிமன்றப் படி ஏற முடிந்தது. சட்டப்படி நட்டஈடு கேட்க முடிந்தது.

தோட்டத்து லயத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தவனுக்கு என்ன இருந்தது? வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் வீடும் போகும். 1980ஆம் ஆண்டின் பணிநீக்க விதிமுறைகளின்படி, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். இருபது ஆண்டு மரம் வெட்டியவருக்கு 400 நாள் கூலி. மனைக்கு உரிமை இல்லை. நட்ட தென்னைக்கும் முருங்கைக்கும் கணக்கில்லை. முதல் குடியிருப்பாளர் அவர்தான். ஆனால் ஒப்பந்தம் இல்லாத குடியிருப்பாளர்.

இதை முன்கூட்டியே உணர்ந்தவர் துன் வீ. தி. சம்பந்தன். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி போட்டு நூறு வெள்ளிப் பங்கு வாங்குங்கள் என்று தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொன்னார். 1961இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. கூலிக்காரன் நிலத்தின் பங்காளியாக முடியும் என்று காட்டிய முயற்சி அது. எல்லாத் தோட்டத்துக்கும் அந்த வாய்ப்பு எட்டவில்லை என்பதே நம் வருத்தம்.

சீபீல்டில் ஒரு பெயர் மட்டும் இடம் பெயரவில்லை. அங்குள்ள தமிழ்ப்பள்ளி இன்றும் அந்தத் தோட்டத்தின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. கடைகளின் பெயர்ப்பலகைகள் மாறினாலும் பள்ளிப் பதிவேட்டில் தோட்டம் இருக்கிறது.

எங்கள் நெகிரி செம்பிலானிலும் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறி வருகின்றன. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேரங்காடி நம் பிள்ளைகளுக்கும் வேலை தருகிறது. என் வேண்டுகோள் ஒன்றுதான். வீட்டில் பாட்டி தாத்தா இருந்தால் இந்த வாரமே உட்கார வைத்துக் கேளுங்கள். எந்தத் தோட்டம், எத்தனையாவது லயம், எந்த ஆண்டு வெளியேறினார்கள் என்று எழுதி வையுங்கள். பழைய சம்பளச் சீட்டு, தொழிற்சங்க அட்டை, தோட்டத்தின் பெயர் போட்ட பிறப்புச் சான்றிதழ் எதையும் வீசிவிடாதீர்கள். ஒப்பந்தத் தாள் இல்லாதவர்களுக்கு அவைதான் சாட்சி.