காயலான் கடையில் பிறந்த படை

மங்களூர் என்றதும் கர்நாடகாவுக்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். இது நம்ம விருத்தாசலம் பக்கத்து மங்களூர். அங்கிருந்து வேப்பூர் வந்து, சென்னை போகிற நெடுஞ்சாலையைப் பிடித்தால் உளுந்தூர்ப்பேட்டை. பலருக்கு அது பஸ் நின்று டீ குடிக்கிற ஊர். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அங்கே பிரிட்டிஷ் ராணுவம் விமான ஓடுபாதை போட்டது. கயத்தாறு, செட்டிநாடு, சோழவரம் என்று தமிழ்நாட்டில் இப்படிப் பல ஊர்கள். போருக்குப் பிறகு சோழவரம் ஓடுபாதையில் கார் ரேஸ் விட்டார்கள்.

சரி, பாதை கிடக்கிறது. போரில் பறந்த விமானங்கள் எங்கே போயின?

அது ஒரு கணக்கு வழக்கு சமாசாரம். 'லெண்ட் லீஸ்' திட்டத்தில் அமெரிக்கா பிரிட்டனுக்கு ஆயிரக்கணக்கான விமானங்களை இரவல் கொடுத்திருந்தது. போர் முடிந்ததும் மூன்றே வழி. காசைக் கொடு, அல்லது பொருளைத் திருப்பிக் கொடு, அல்லது யாருக்கும் உதவாதபடி உடைத்துப் போடு. பிரிட்டன் கஜானா காலி. அமெரிக்காவுக்கோ சொந்த விமானங்களையே வைக்க இடமில்லை. ஆக, மூன்றாவது வழிதான். நடுக்கடலில் தள்ளிவிட்ட விமானங்களும் உண்டு.

அப்படி உடைத்துப் போட்டவற்றில் ஒரு கூட்டம் கான்பூரில் கிடந்தது. லிபரேட்டர் என்கிற நாலு இன்ஜின் குண்டுவீச்சு விமானங்கள். இனி பறக்கவே கூடாது என்று வேண்டுமென்றே நொறுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். மழையிலும் வெயிலிலும் கிடந்து புல் முளைத்த விமான மயானம் அது.

1947-ல் சுதந்திரம். உடனே காஷ்மீரில் சண்டை. புது நாட்டிடம் பெரிய குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூடக் கிடையாது. வெளியே வாங்கப் பணமும் இல்லை. அப்போதுதான் கான்பூர் குப்பை மேல் கண் விழுந்தது.

வேலை பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் கம்பெனிக்குப் போனது. 1940-ல் வால்சந்த் ஹிராசந்த், மைசூர் சமஸ்தானத்தின் துணையோடு தொடங்கிய கம்பெனி. போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்களைப் பழுது பார்த்த கைகள் அங்கே இருந்தன. ஒன்றின் இறக்கை, இன்னொன்றின் வால், மூன்றாவதன் இன்ஜின் என்று பொறுக்கி, பறக்கிற அளவுக்கு மட்டும் ஒட்டுப்போட்டார்கள். பிறகு சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாக பெங்களூருக்கு ஓட்டி வந்தார். சுமார் 1,500 கிலோமீட்டர்! நம்மில் பலர் ஒட்டுப்போட்ட டயரில் விழுப்புரம் போகவே யோசிப்போம். இவர் ஒட்டுப்போட்ட விமானத்தில் வந்தார். அதுவும் ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்ப.

பெங்களூரில் முழுசாகச் சரிசெய்து, 1948 நவம்பரில் விமானப்படையின் 5-ம் ஸ்குவாட்ரனை லிபரேட்டர்களோடு எழுப்பினார்கள். மொத்தம் சுமார் 40 விமானங்கள் இப்படித் தேறின. பிற்பாடு 6-ம் ஸ்குவாட்ரனில் கடல் கண்காணிப்பு வேலை. 1968 முடிவில்தான் ஓய்வு. உலகத்தில் கடைசி வரை லிபரேட்டர் ஓட்டிய விமானப்படை நம்முடையதுதான்.

இனிமேல்தான் வேடிக்கை. அமெரிக்கா 18,000-க்கும் அதிகமான லிபரேட்டர்களைச் செய்தது. போர் முடிந்ததும் அரிசோனா பாலைவனத்தில் கிங்மேன் போன்ற இடங்களில் வரிசையாக நிறுத்தி, அலுமினியமாக உருக்கித் தள்ளியது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கதைதான். பின்னால் மியூசியம் வைக்க ஆசைப்பட்டபோது கைவசம் விமானம் அவ்வளவாக இல்லை. எங்கே கிடைக்கும் என்று தேடினால், இந்தியாவில்!

1968-ல் கனடா ஒரு லைசாண்டர் விமானத்தைக் கொடுத்து, பண்டமாற்றாக ஒரு லிபரேட்டரை வாங்கிப் போனது. 1969-ல் ஒன்று புனேயிலிருந்து அரிசோனாவின் டூசான் நகருக்குப் பறந்தது. உலகத்திலேயே பெரிய விமான மயானம் இருப்பது அதே ஊரில்தான்! 1974-ல் இன்னொன்று லண்டன் மியூசியத்துக்காகப் போனது. உடைத்துவிட்டுப் போனவர்களே வந்து வாங்கிப் போனார்கள்! டெல்லி போனால் பாலம் விமானப்படை மியூசியத்தில் நமக்கென்று வைத்துக்கொண்ட லிபரேட்டரைப் பாருங்கள். கனடா தந்த லைசாண்டரும் அங்கேயே இருக்கிறது.

தேவை இருந்ததால் அன்று இரும்பைப் பொறுக்கிக் காப்பாற்றினோம். ஞாபகங்களை அப்படிப் பொறுக்கி ஒட்ட முடியாது. உளுந்தூர்ப்பேட்டையில் 1943-ல் அண்ணாந்து பார்த்த பத்து வயசுப் பையனுக்கு இப்போது 90 தாண்டியிருக்கும். உங்கள் தெருவில் அப்படி ஒரு தாத்தா இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு நோட்டும் பேனாவுமாகப் போய் உட்காருங்கள். அவர் சொல்வதை எந்த ஹெச்.ஏ.எல்.லும் பிறகு ரிப்பேர் செய்து தராது.