மண்ணுக்கு விலை மதித்தவர் யார்?

ஒசூரிலே ஆலைகள் ஓங்கி நிற்கின்றன; மகிழ்கிறோம்! அவற்றின் அடியிலே கிடப்பது என்ன? கேழ்வரகு விளைந்த மண்; உழவனின் உயிர்!

1971-ல் சிப்காட் பிறந்தது. ஒசூரில் தொழில் வளாகம் எழுந்தது. அன்று நிலத்துக்கு விலை மதித்தது எது? வெள்ளையன் விட்டுச் சென்ற 1894-ஆம் ஆண்டுச் சட்டம்! அறிவிக்கை நாளின் சந்தை விலை. அதன்மேல் 15 விழுக்காடு. 1984-ல் அது 30 ஆயிற்று. சந்தை விலையை எங்கே தேடினர்? பத்திரத்திலே! முத்திரைத் தீர்வைக்கு அஞ்சிக் குறைத்தெழுதிய பத்திரமே உழவன் கழுத்துக்குக் கயிறாயிற்று. ஆலையால் உயரப்போகும் மதிப்பைக் கணக்கிலே சேர்க்கலாகாது என்றது 24-ஆம் பிரிவு. மண் அவனுடையது, வளர்ச்சி மற்றவருடையது! நீதியா இது?

2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஆறுதல் தொகையை 100 விழுக்காடாக்கியது. சமூகத் தாக்க ஆய்வையும் கட்டாயமாக்கியது. தமிழக அரசோ தனது 1997-ஆம் ஆண்டுத் தொழில் நில எடுப்புச் சட்டத்தைக் காத்துக்கொண்டது. 2019-ல் உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. மீண்டும் இயற்றியதை 2021-ல் உச்சநீதிமன்றம் ஏற்றது. தொகை புதிய அளவிலே வரும். எடுக்குமுன் ஊரின் வாழ்வை ஆராயும் கடமை மட்டும் வரவில்லை!

தொழில் வேண்டாம் என்பாரல்லர் நாம். உழவனைக் கேளாது தருவது கூலியாகலாம், நீதியாகாது. தோழர்களே, சிற்றூர் தோறும் சென்று சொல்லுங்கள்: பத்திரத்திலே உண்மை விலையை எழுதுக, தொகை குறைவெனில் நீதிமன்றம் நாடுக. உழவனைக் கெடுத்தது தலையெழுத்தன்று, பத்திர எழுத்தே!