பந்தயத் திடலில் பணயமானோர்

மனிதர் மறந்தவற்றையும் தெருப்பெயர்கள் மறப்பதில்லை. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்கு அருகே ரேஸ் கோர்ஸ் சாலை உள்ளது. இன்று அங்கே குதிரையுமில்லை, பந்தயமுமில்லை. அப்பெயரின் வரலாற்றை அறிய விரும்பித் தஞ்சோங் பகாரில் ரயிலேறி, அவுட்ரம் பார்க்கில் வண்டி மாறி, பேரர் பார்க்கில் இறங்கினேன். கண்டது ஒரு புல்வெளியே.

1842ஆம் ஆண்டில் இந்நகர வெள்ளையர் விளையாட்டுக் கழகமொன்றை நிறுவினர். 1843 பிப்ரவரியில் இங்கு முதற்பந்தயம் நடந்தது. சுற்றுப்புறத்தில் நம்மவர் மாடு வளர்த்தனர். பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் எருமையின் பெயரை இன்றும் சுமக்கின்றன. வென்ற குதிரையின் பெயர் ஏட்டிலேறிற்று. அதற்குப் புல்லறுத்தவன் பெயரை யார் கேட்டார்? 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்குச் சென்றது.

தோழர்களே! இத்திடலின் பெரும் பந்தயம் அதன் பின்னரே நிகழ்ந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. 17ஆம் நாள், வெள்ளைப் படையினரினின்றும் பிரிக்கப்பட்ட இந்தியப் படையினர் 40,000 பேருக்கு மேல் இங்கே நிறுத்தப்பட்டனர். ஆங்கில அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானிய மேஜர் புஜிவாராவிடம் ஒப்படைத்தார். மந்தை கைமாறுவதும் இவ்வாறன்றோ!

ஆயினும் மந்தையிடம் எவரும் விருப்பங் கேட்பதில்லை. அன்று கேப்டன் மோகன் சிங், இந்திய விடுதலைக்குப் போராட முன்வருவோர் யாரெனக் கேட்டார். பலர் இசைந்தனர், பலர் மறுத்தனர். மறுத்தவரைக் கோழையரென்பது அறமன்று. கைதிகளாக நியூகினிக்கு அனுப்பப்பட்டு மாண்டவர் பலர். 1943இல் சுபாஷ் சந்திர போஸ் தலைமையேற்றபின், மலாயாத் தோட்டங்களிலிருந்தும் மக்கள் திரண்டனர். பால்மரம் சீவிய பெண்களும் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினர்.

தோட்டத்தில் நாள்தோறும் பிரட்டில் ஆளெண்ணும் கிராணி நான். எண்ணிக்கைக்குள் அடங்கியவனுக்கும் மனமுண்டு என்பதை அத்திடலில் நின்றபோது மீண்டும் உணர்ந்தேன். பிறர் ஆடும் சூதில் பணயமாக வைக்கப்பட்டவனும், தன் வழியைத் தானே தேர்ந்த நாள் அது.

2024 அக்டோபர் 5இல் கிராஞ்சியில் நடந்த இறுதிப் பந்தயத்தோடு சிங்கப்பூரின் குதிரைப் பந்தயமே முடிவுற்றது. பேரர் பார்க்கில் வீடுகள் எழும்புமென 2021இல் அறிவித்தனர். ஏழைக்கு வீடு வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சிராங்கூன் சாலைக்குச் செல்வோர், சாமான் வாங்கியவுடன் திரும்பிவிடாது, பிள்ளைகளை அப்புல்வெளிக்கும் அழைத்துச் செல்லுங்கள். குதிரைகளின் வெற்றியை எழுதிவைத்தோர் பலருண்டு. அங்கு நின்ற மனிதரின் கதையை நாமன்றி வேறு யார் சொல்வார்?