இலச்சினையின் மேல் ஒரு தொப்பி



ஆயர் அவர்களின் சுற்றுமடல்களில் அச்சாகும் இலச்சினையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நடுவில் கேடயம், பின்னால் சிலுவை, கீழே விருதுவாக்கு, எல்லாவற்றிற்கும் மேலே குஞ்சங்கள் தொங்கும் பச்சைத் தொப்பி. "இந்தத் தொப்பி எதற்கு, சுவாமி?" என்று கேட்பவர் பலர். இதன் பெயர் 'கலேரோ'.

கலேரோ இத்தாலியச் சொல். இதன் மூலம் 'கலேருஸ்' என்னும் இலத்தீன் சொல். பண்டை உரோமையில் அது தோல் குல்லாயைக் குறித்தது. போர்வீரனின் தலைச்சீராவைக் குறிக்கும் 'கலேயா' என்ற சொல் இதற்கு உறவு.

இந்த உறவில் ஓர் அழகு உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வீரர்கள் தங்கள் கேடயங்களில் குடும்பச் சின்னங்களைத் தீட்டலாயினர். பின்னர் கேடயத்தின்மேல் தலைச்சீராவையும் வரைவது மரபாயிற்று. குருக்களோ போர் புரிபவர் அல்லர். ஆகவே தலைச்சீரா இருந்த இடத்தில் அவர்கள் தொப்பியை வைத்தனர். அது வெயிலுக்கும் மழைக்கும் திருயாத்திரிகர் அணிந்த அகன்ற தொப்பியைப் போன்றது. குஞ்சங்களோ, அதைத் தாடையில் கட்டிய கயிற்றின் நுனிகள்.

1245-இல் லியோன்ஸ் பொதுச்சங்கத்தின்போது பாப்பரசர் நான்காம் இன்னொசென்ட் கர்தினால்மாருக்குச் சிவப்புத் தொப்பியை வழங்கினார். திருச்சபைக்காக இரத்தம் சிந்தவும் ஆயத்தமாயிருக்க வேண்டும் என்பதே அந்நிறத்தின் பொருள். குஞ்சங்களுக்கும் கணக்கு உண்டு. ஒவ்வொரு புறமும் ஆயருக்கு 6, பேராயருக்கு 10, கர்தினாலுக்கு 15. முதல் வரிசையில் ஒன்று, அடுத்ததில் இரண்டு என அவை அடுக்கப்படும்.

கர்தினால் இறந்தபின் அவரது தொப்பியைக் கல்லறைக்கு மேலே உயரத்தில் தொங்கவிடுவர். நியூயார்க் புனித பேட்ரிக் பேராலயத்தில் இவ்வாறு தொங்குவதைக் காணலாம். அது மங்கி, நைந்து, உதிரும்வரை அங்கேயே இருக்கும். உலக மகிமை அவ்வளவுதான் என்று கீழே செபிப்பவருக்கு அது போதிக்கும்.

1969-இல் பாப்பரசர் ஆறாம் பவுல் காலத்தில் இத்தொப்பி வழங்கும் வழக்கம் நின்றது. 1985-இல் நம் தமிழகத்துக் கல்லேரியில் பிறந்த லூர்துசாமி ஆண்டகை கர்தினாலானபோது பெற்றது சிறிய சிவப்புக் குல்லாயே. இலச்சினையில் மட்டும் கலேரோ நிலைத்துவிட்டது.

இந்த யூபிலி ஆண்டில் ஆலயத்தின் பெஞ்சிலும் கதவிலும் கல்வெட்டிலும் யார் பெயரைப் பொறிப்பது, யார் பெயர் முதலில் வரவேண்டும் என்ற பேச்சு நம்மிடையே எழுந்துள்ளது. கொடுத்தவர்களை நாம் நன்றியோடு நினைப்போம், அதில் குறையில்லை. ஆனால் கர்தினாலின் தொப்பியே உதிர்ந்துபோக விடப்படுகிறது என்றால், நம் பெயர்ப்பலகைகள் எம்மாத்திரம்? ஆயுதம் இருந்த இடத்தில் யாத்திரிகன் தொப்பியை வைத்த திருச்சபையின் மக்கள் நாம். இப்பங்கை ஆரம்பித்த நம் முன்னோரில் பலருடைய பெயர் எக்கல்லிலும் இல்லை. அவர்கள் கட்டிய ஆலயத்தில்தான் இன்று நாம் முழந்தாளிடுகிறோம்.

இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!

உங்கள் பங்குத் தந்தை